இரண்டாவது சாட்சி

தொலைநோக்கிக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர், கீறல் விழும். டெரிக் ஹாவொர்த் அப்படித்தான் துடைப்பார். மாவட்டப் பறவைப் பதிவாளருக்கு இதுகூடத் தெரியவில்லை பாருங்கள்.

பெனைன் மலைமேல் ஸ்கார்டேல் அணையில் முப்பது குளிர்காலம் பறவை பார்த்திருக்கிறேன். போன ஜனவரிப் புயலில் வடகடலிலிருந்து ஒதுங்கிய வெள்ளை அலகு முக்குளிப்பான் ஒன்றைக் கண்டேன். தனியாகக் கண்டேன், அதுதான் குற்றம். இவ்வளவு அரிய பறவைக்கு இரண்டாவது சாட்சி வேண்டும் என்று டெரிக் என் பதிவுப் படிவத்தைத் திருப்பிவிட்டார். பறவைச் சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "என்னப்பா வில்ஃப், நீர்க்காகத்து மூக்குல சுண்ணாம்பு அடிச்சிட்டியா?" என்றார். ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து எனக்குக் கயிறு திரிக்கிறவன் என்று பெயர். எங்கள் கூட்டத்தில் அந்தப் பெயர் விழுந்தவன் சிட்டுக்குருவியைப் பார்த்தேன் என்றாலும் நம்பமாட்டார்கள். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமைப் புயலில் அதே இனப் பறவை மறுபடி வந்தது. உடனே டெரிக்குக்குத்தான் போன் செய்தேன். மத்தியானம் வந்து சேர்ந்தார். ஆளைத் தள்ளுகிற காற்று, கல்லெல்லாம் பனிக்கட்டி.

"எங்கப்பா? ஒண்ணையும் காணோமே. மறுபடி ஆரம்பிச்சிட்டியா?"

"மதகுக் கோபுரத்துக்கு நேரா பாருங்க."

கைப்பிடிச் சுவரின் மேல் ஏறிக் குனிந்தார். கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். நான் தொடக்கூட இல்லை.

உயிர்காக்கும் மிதவை ஐந்தடி தள்ளிக் கொக்கியில் இருந்தது.

"அதத் தூக்கிப் போடுடா, வில்ஃப்!"

"போடுறேன். மொதல்ல சொல்லுங்க, பறவையப் பாத்தீங்களா?"

"அடப்பாவி, பாக்கலடா!"

காத்திருந்தேன். அந்தத் தண்ணீரில் அதிக நேரம் தேவைப்படாது.

"பாத்தேன்! பாத்தேன்டா! வெள்ள அலகு!"

மனசு குளிர்ந்துபோயிற்று. மிதவையைக் கையில் எடுத்தும்விட்டேன். பிறகுதான் யோசித்தேன்: உயிருக்குப் பயந்து சொன்னதெல்லாம் ஒரு சாட்சியமா? பதிவாளராக அவரே அதை ஏற்கமாட்டார். மிதவையைத் திரும்ப மாட்டிவிட்டுத் தொலைநோக்கி அருகே போனேன். சத்தம் நிற்பதற்குள் பறவை நான்கு முறை முங்கி எழுந்தது, குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமைப் பறவைக்கான படிவம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. பார்த்தவர் எண்ணிக்கை ஒன்று என்றுதான் போட்டிருக்கிறேன். இரண்டு என்று போட்டிருந்தால் பதிவு ஏறியிருக்கும். ஆனால் பொய் எழுத எனக்குக் கை வராது, இன்ஸ்பெக்டர்.