கருநீலமா, அரக்கா?

"சுவரு கறுக்கட்டுங்க, சரிகை மின்னுனா போதும்."

ஐயம்பேட்டையில் நான் ஷேர் ஆட்டோவில் ஏறியதும் எதிரில் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னது இது. அவள் மடியில் பெயிண்ட் கடை ஷேடு கார்டு. கருநீலத்தையும் அரக்கையும் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள்.

"கூடத்துல போய் எவனாவது கருநீலம் அடிப்பானா? அரக்குன்னாலும் பாக்க லட்சணமா இருக்கும்."

"நம்ம தறியில நெய்யிற புடவையில பாதிக்கு அரக்கு பார்டர். அரக்கு சுவத்துல மாட்டி போட்டோ புடிச்சா, பார்டர் எங்கன்னு கேப்பாங்க. வெள்ளை சுவத்துல எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்புனோமே, ஒருத்தராவது வாங்குனாங்களா?"

"பேசாம எப்பவும் போல கடைக்கே குடுத்துடலாம்மா."

"முடியாது. இன்னும் எத்தினி நாளு அவங்க சொல்ற விலைக்குத் தலையாட்டிக்கினு இருக்கறது? நாம நெய்யிறத நாமளே விப்போம்."

ஆட்டோ நின்று ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த சுவத்துலதான் எங்கம்மா படம் மாட்டியிருக்குது. இருட்டுல முகமே தெரியாம பூடும்."

"யாரு சொன்னது? அத்தைக்குத் தலை பூரா நரை. நீலத்துலதான் பளிச்சுனு தெரிவாங்க."

அவர் அவள் மடியிலிருந்த ஷேடு கார்டை எடுத்துக் கருநீலத்தைப் பார்த்தார். பிறகு பெயிண்டருக்குப் போன் போட்டார்.

"கருநீலமே அடிச்சிடுபா. ஆமா, அந்த ஒரு சுவரு மட்டும்."

"படத்து ஆணியப் புடுங்க வேணாம்னு சொல்லுங்க," என்றாள் அவள்.