அதனால வரலைன்னு ஒரு வார்த்தை

"ஹலோ... ஆமா, மகாராஜன் வீடுதான்... அவுக பொஞ்சாதி ஆறுமுகத்தாய் பேசுதேன்... ஆரு, ஸ்ருதியாம்மா? கேன்சர் ஆஸ்பத்திரியில ஆராய்ச்சிக்குக் கேள்வி கேட்ட பிள்ளைதானே? தெரியும், தெரியும்... அவுககிட்டயா? அவுக இல்லியே தாயி... வெளியூரு போகல. ஆடி கடேசியில போய்ச் சேந்துட்டாக."

அந்தப் பெண் பதறியிருக்க வேண்டும். ஆறுமுகத்தாய்தான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

"பரவால்ல, பரவால்ல... உனக்கு எப்படித் தெரியும்? கேளு, சொல்லுதேன்... அந்தக் கரண்டு சிகரெட்டா? மவன் இசக்கிராஜா துபாய்ல இருந்து கொண்டாந்தான். அப்பா பீடியை விட்டுருவாகன்னு ஆசையாக் கொண்டாந்தான்... எங்க விட்டாக! வயக்காட்டுல பீடி, வீட்டுல இது... ஆமா, ஆமா, ரெண்டுந்தான்... மாம்பழ வாசம் வரும்லா? நான் இளைப்புக்கு ஆவி பிடிக்குத மிஷினுன்னுல்லா நெனச்சேன்! காலையில எந்திரிச்சதும் நானே சார்ஜ் போட்டுக் கையில குடுப்பேன்... என்னத்தச் சொல்ல...

"அதுவா? இப்ப இல்லியே தாயி... பதினாறாம் நாள் விசேசத்துல, அவுகளுக்குப் பிடிச்சதெல்லாம் இலையில வைக்கணும்லா? பீடிக்கட்டு வச்சோம். இதையும் வைங்கன்னு ஆரோ சொல்லிட்டாக. மவன் வெடுக்குன்னு பிடுங்கிட்டுப் போயி, துவைக்குத கல்லுல வச்சு நசுக்கிட்டான்... அன்னையிலேருந்து சரியாச் சோறு திங்கல. 'அப்பாவ நான்தான் கொன்னுட்டேன்'ங்கான்..."

அவள் குரல் தணிந்தது.

"தாயி, நீ படிச்ச பிள்ளை. அதனால வரலைன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்... ம்... ம்... பீடிக்குப் பங்கு உண்டு, சரி... இதுக்கு உண்டுமா இல்லியான்னு உங்களுக்கே தெரியாதா?... ஆராய்ச்சி எப்ப முடியும்?... அம்புட்டு வருசமா! அதுவரைக்கும் இந்தப் பய தாங்குவானா?"

வாசலில் பைக் நின்றது. இசக்கிராஜா உள்ளே வந்து, யாரென்று கண்ணாலேயே கேட்டான். சவரம் செய்யாத அந்த முகத்தை ஆறுமுகத்தாய் பார்த்தாள். திடீரென்று சத்தமாகப் பேசத் தொடங்கினாள்.

"அப்படியா, டாக்டரம்மா!... நல்லாப் பாத்துட்டீகளா?... அதனால வரலியா? பீடி மட்டுந்தானா?... ஏலே மக்கா, கேட்டுக்கோ, டாக்டரம்மா சொல்லுதாக!... ஆமா, ஆமா... என் பிள்ளை மேல குத்தம் இல்லைங்கீகளா? நீங்க நல்லா இருக்கணும்..."

அப்பன் செத்த அன்றும் அழாதவன் சுவரோடு சரிந்து விம்மி அழுதான். பிறகு, தானும் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று கை நீட்டினான்.

"ஹலோ... ஹலோ... ஒண்ணும் கேக்கலியே தாயி... டவர் இல்லபோல... வச்சிருதேன்."

தினமும் அதற்குச் சார்ஜ் போட்ட கையாலேயே ஆறுமுகத்தாய் ஃபோனை அணைத்தாள்.