காலி வாசலுக்கு எழுதிய வரி

கணவர்: ...காலையிலேர்ந்தே இப்படித்தான். வானம் பெய்யவும் இல்ல, விடவும் இல்ல. சூல் கொண்ட மேகமெல்லாம் யானைக்கூட்டம் மாதிரி வந்து கூரைகளுக்கு மேல படுத்துக் கெடக்கு. தெருவிளக்கு பகல்லயே எரியுது. காத்துல மண்வாசனை வருது, மழை வரல. கார்காலம்னா என்னன்னு இன்னிக்குத்தான் புரியுது.

மனைவி: வானிலை அறிக்கை வாசிக்கவா போன் பண்ணீங்க?

கணவர்: இல்ல... அந்தக் கோளாறு...

மனைவி: அதானே. உங்க கம்பெனிக்கு நான் எழுதிக் குடுத்த நிரல் மக்கர் பண்ணாத்தானே உங்களுக்கு என் ஞாபகம் வரும். மெதுவாப் பேசுங்க, உங்க அம்மா பக்கத்துலயே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. மருந்து ஏத்தற மெஷின்தானே?

கணவர்: அதேதான். உள்ள இருக்கற டைமர் சிப்பை நேரம் கேட்டா, திடீர்னு முன்னால தாவுது, திடீர்னு பின்னால போகுது. சொட்டுக் கணக்கு தப்பினா நோயாளி கதி என்ன ஆகறது?

மனைவி: எப்படிக் கேக்கறீங்க?

கணவர்: எண்ணிக்கையைப் பிடிச்சு வைன்னு கட்டளை எழுதறோம். உடனே படிக்கிறோம்.

மனைவி: உடனேவா? நடுவுல நான் ஒரு வரி வெச்சிருந்தேனே... எதுவும் மாட்டாத, ஆளில்லாத வாசல் மாதிரி ஒரு போர்ட்டுக்குச் சும்மா ஒரு பைட் எழுதற வரி?

கணவர்: அதை... நிரலைச் சுத்தம் பண்றோம்னு எங்க குழு எடுத்துடுச்சு. காலி வாசல்ல நின்னு யாருக்கு எழுதறதுன்னு...

மனைவி: அடப்பாவிகளா! எழுதறதா முக்கியம்? எழுதறதுக்கு ஆகற நேரம்தான் முக்கியம். சிப் பழசு, நிதானமானது. ப்ராசஸர் புதுசு, கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்டது. அது வாயைத் திறக்கறதுக்குள்ள இது படிச்சுட்டா, பழைய பதில் பாதி, புதுப் பதில் பாதி... அதான் கைக்கு வரும்.

கணவர்: சும்மா சுத்திச் சுத்தி வர்ற ஒரு லூப் போட்டு நேரத்தைக் கடத்தினா...?

மனைவி: நிரலை மெஷின் பாஷைக்கு மாத்தற கம்பைலர், வேலையத்த வேலைன்னு அதை வழிச்சுப் போட்டுடும். போன தடவையே சொன்னேன்.

கணவர்: சொன்னியா?

மனைவி: அதுக்கு முந்தின தடவையும் சொன்னேன்.

கணவர்: இன்னொரு தரம் சொல்லேன். நீ சொன்னாத்தான் மண்டையில ஏறுது.

மனைவி: ஏறுதோ எறங்குதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். ...சரி, இது தீர்ந்துட்டா?

கணவர்: தீர்ந்துட்டா... உன்னைக் கூப்பிட எனக்கு ஒரு காரணமும் இருக்காது.

மனைவி: பொண்டாட்டியைக் கூப்பிடக் காரணம் வேணுமா?

கணவர்: வேலைதான் பெருசுன்னா அங்கேயே இருங்க, திரும்பி வரவே வேண்டாம்னு வாசல்ல நின்னு சொன்னது யாரு?

மனைவி: சொல்லி முடிக்கறதுக்குள்ள பெட்டியைத் தூக்கிட்டுப் படி எறங்கினது யாரு? பழம்பாட்டுல எல்லாம் கார்காலம் தொடங்கினா தலைவன் தேர் வீடு திரும்பும். இங்க மழையே வந்து, எட்டிப் பாத்துட்டு, தனியாத் திரும்பிப் போயிடும் போல.

கணவர்: தேருக்கு எங்கே போவேன்? பஸ்தான் கெடைக்கும்.

மனைவி: சிரிப்பு ஒண்ணுதான் குறைச்சல்.

கணவர்: சிரிக்கலம்மா. சாயங்காலம் ஆனா இந்த ரூமுக்குள்ள நுழையவே பிடிக்கல. தட்டைக் கழுவி வெச்சா அந்தச் சத்தம்தான் எனக்குத் துணை. ...ஏய், வரட்டுமா? உனக்கு வேண்டாம்னா விட்டுடு, கோவம் இன்னும் ஆறலைன்னா நான்...

மனைவி: பாத்தீங்களா! கேட்டுட்டு, நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னால நீங்களே பதிலைப் படிக்கிறீங்க.

கணவர்: ...சரி. படிக்கல.

மனைவி: பொழுது சாயுது. விளக்கேத்திட்டு வரேன். போனை வெச்சுடாதீங்க.

கணவர்: வெக்கல. நீ வர்ற வரைக்கும் காதுலயே வெச்சிருக்கேன்.

...

கணவர்: வந்துட்டியா?

தாயார்: நான்தான்டா, உன் அம்மா. அவ விளக்கு முன்னால கண்ணை மூடிக்கிட்டு நிக்கறா. உதடு மட்டும் அசையுது. கன்னமெல்லாம் ஈரம்.

கணவர்: அம்மா... அவ என்ன சொல்லுவா?

தாயார்: அசடு! உங்க மெஷின் சரியாகி ரொம்ப நாளாச்சுன்னு உன் மேலதிகாரியம்மா அப்பவே இவளுக்குப் போன் போட்டு நன்றி சொல்லியாச்சு. அப்புறமும் நீ கோளாறுன்னு புளுகறே, இவ ஒண்ணும் தெரியாதவ மாதிரி பாடம் நடத்தறா. ஒவ்வொரு தடவையும் நீ கூப்பிட்டுப் பேசி முடிச்சதும், உன் தலையணைக்கு உறை மாத்தறா. கெளம்பி வாடா கண்ணா. ரெண்டு பேரும் பிரியாம நூறு வருஷம் நல்லா இருங்க.