ஹாய்ட் நடத்தும் மீன்பிடி வகுப்பு

ட்வைலா: ...போச்சு.

ஹாய்ட்: போகாம? நீ இழுத்த இழுப்புக்கு ஏரியோட அடிமண்ணே பேந்து வந்திருக்கணும். மீனு தப்பிச்சது அதோட முன்னோர் புண்ணியம்.

ட்வைலா: வெடுக்குன்னு இழுன்னு நீதானே சொன்ன?

ஹாய்ட்: வெடுக்குன்னுதான் சொன்னேன். சேத்துல மாட்டின டிராக்டரை இழுக்கச் சொன்னேனா? முள்ளுல ஏதாவது ஒட்டியிருக்கா பாரு.

ட்வைலா: உதடு.

ஹாய்ட்: முழு உதடா?

ட்வைலா: ஒரு துண்டு. காகிதம் மாதிரி இருக்கு.

ஹாய்ட்: பத்திரமா எடுத்து வை. சாயந்தரம் சோளமாவுல பெரட்டிப் பொரிச்சிடலாம். ரெண்டு பேருக்கும் தாராளமாக் காணும்.

ட்வைலா: உன்னைக் கட்டிக்கிட்டப்பவே பசியோட படுக்கறதுக்குத் தயாராத்தான் வந்தேன்.

ஹாய்ட்: காலையில இருந்து நாலு உதடு கிழிச்சிருக்க. இந்த ஏரியில பாதி கிராப்பி மீனு வாயில்லாம அலையுது.

ட்வைலா: மூணு.

ஹாய்ட்: நாலு. அந்தச் சைப்ரஸ் மரத்து வேருகிட்ட ஒண்ணு போச்சே...

ட்வைலா: அது உன் கம்புல போனது, ஹாய்ட்.

ஹாய்ட்: அது நான் உனக்குச் செஞ்சு காட்டினது. எப்படி விடக்கூடாதுன்னு.

ட்வைலா: ஓகோ. போன சனிக்கிழமை ரெண்டு, அதுக்கு முந்தின சனிக்கிழமை மூணு, எல்லாம் செஞ்சு காட்டினதுதானா? நல்ல வாத்தியார் கிடைச்சாருப்பா எனக்கு.

ஹாய்ட்: கிண்டல் பண்ணு, பண்ணு. வர்ற சனிக்கிழமை இதே கிண்டலை சர்ச்சு மீன்பிடிப் போட்டியில ஆளுங்க முன்னாடி பண்ணு. ஒரு படகுக்கு ஒரு புருசன், ஒரு பொண்டாட்டி, ஏழு மீனு. எல்லாப் படகும் ஏழு ஏழா தராசுல கொட்டும். நாம ஒரு துண்டு உதட்டைக் கொண்டுபோய் வைப்போம். பாஸ்டர் ஜெபம் பண்ணி அதை ரெண்டாக்கித் தருவாரு.

ட்வைலா: மேவிஸ் பாத்துக்கிட்டு நிப்பா.

ஹாய்ட்: மேவிஸ் பேச்சு இப்ப எதுக்கு?

ட்வைலா: எதுக்கா? பதினோரு வருசம் உன் பொண்டாட்டியா இந்தப் பலகையில உக்காந்திருந்தவ. இப்ப ஓடெல் படகுல, ஓடெல் பொண்டாட்டியா வரப்போறா. அவ உக்காந்த எடத்துல உக்காந்துதான் நான் உதட்டைக் கிழிச்சுக்கிட்டு இருக்கேன். ராத்திரி அதை நெனச்சாலே தூக்கம் வர்றதில்ல எனக்கு.

ஹாய்ட்: உனக்கு நம்பிக்கை இல்ல, அதான் கோளாறு. கிராப்பி பிடிக்கறது பாதி கை, பாதி நம்பிக்கை. எனக்கென்ன பதட்டம் இருக்கு, பாரு. கூடத்துச் செவுத்துல ரெண்டு கேடயம் தொங்குது. எப்படி வந்துச்சு? நம்பிக்கை!

ட்வைலா: ரெண்டுலயும் உன் பேரு ரெண்டாவதா இருக்கு.

ஹாய்ட்: அகர வரிசையில போட்டிருப்பாங்க.

ட்வைலா: ஹாய்ட்டுக்கு 'எச்', மேவிஸுக்கு 'எம்'. எந்த ஊரு அகர வரிசை அது?

ஹாய்ட்: ...டென்னிசி. இரையைப் போடு. பேசினா மீனு ஓடிடும்.

ட்வைலா: விடியக்காலையில இருந்து நீதான் பேசிக்கிட்டு இருக்க.

ஹாய்ட்: நான் பேசறது பாடம். பொடிமீனை முதுகுல குத்து... ஐயோ, அப்படி இல்ல, செத்துரும்... சரி, செத்தா செத்துட்டுப் போகட்டும். ஏரியடி வரைக்கும் எறக்கு.

ட்வைலா: அடி வரைக்குமா?

ஹாய்ட்: பின்ன? மீனு குடியிருக்கறது எங்க? மரத்துலயா?

ட்வைலா: இல்ல... நாலடியில நிறுத்தினா என்னன்னு...

ஹாய்ட்: நாலடியில எதுக்கு?

ட்வைலா: அதுங்க மேல பாத்துத்தானே திங்கும். அதுக்குக் கீழ எறக்கிட்டா கண்ணுலயே படாதுல்ல.

ஹாய்ட்: யாரு சொன்னா?

ட்வைலா: யாரும் சொல்லல. கண்ணு மேலாப்புல இருக்கே, அதைப் பாத்துத் தோணிச்சு.

ஹாய்ட்: மகராசி, இருபது வருசமா ஏரியில கெடக்கறவன் நான். உனக்கு மூணாவது சனிக்கிழமை இது. உனக்குத் தோணிடுச்சு! சரி, உன் இஷ்டம். நாலடியில போட்டுக் காத்தைப் பிடி.

ட்வைலா: டாக்வுட் மரமெல்லாம் பூத்துடுச்சு, பாரு. அந்தக் கரை முழுக்க வெள்ளை.

ஹாய்ட்: ம்.

ட்வைலா: காப்பி இருக்கா?

ஹாய்ட்: குடுவையில கொஞ்சம் இருக்கு. கம்பை என்கிட்ட குடுத்துட்டு ஊத்திக்க... ஏய், தக்கை சாஞ்சுடுச்சு. விடு, அது காத்து. தக்கை முழுசா முங்கினாத்தான் மீனு. படுத்துக்கிட்டா...

ட்வைலா: வலை!

ஹாய்ட்: என்னது?

ட்வைலா: வலை, ஹாய்ட்! கம்பு வளையுது, கண்ணு தெரியலையா?

ஹாய்ட்: இழுக்காத! கிழிஞ்சுடும்! ஒண்ணும் செய்யாத. அப்படியே பிடிச்சுக்க. தலையை இந்தப் பக்கம் திருப்பு. இன்னும் கொஞ்சம்... வரட்டும், தானா வரட்டும்... ம். வந்தாச்சு.

ட்வைலா: ...அடேயப்பா.

ஹாய்ட்: ரெண்டு ராத்தல் தேறும்.

ட்வைலா: தண்ணியில சத்தமே கேக்கலையே. வலை எப்ப உள்ள போச்சுன்னே எனக்குத் தெரியல.

ஹாய்ட்: வலையை மீனுக்கு முன்னாடியே தண்ணியில தாழ்த்தி வைக்கணும். துரத்தக் கூடாது. மீனே தன் வீடுன்னு நெனச்சு உள்ள வரணும்.

ட்வைலா: இதை மூணு வாரத்துல ஒரு தடவைகூடச் சொல்லித் தரலையே நீ.

ஹாய்ட்: இதுல சொல்லித்தர என்ன இருக்கு? இது வேலையே இல்ல... அது கெடக்கட்டும். நீ எப்படித் தூக்கின?

ட்வைலா: எதை?

ஹாய்ட்: கம்பை. தக்கை படுத்ததும் மணிக்கட்டை மட்டும் லேசா... இப்படி. பால் சட்டி மூடியைத் தொறந்து பாக்கற மாதிரி.

ட்வைலா: கை தானாத் தூக்கிடுச்சு.

ஹாய்ட்: தானாத் தூக்குற கைதான் காலையில மூணு உதட்டைக் கிழிச்சுதா?

ட்வைலா: ஒருவேளை நம்பிக்கை வந்துடுச்சோ என்னமோ.

ஹாய்ட்: திரும்பிப் போடு. பாக்கறேன்.

ட்வைலா: எதுக்கு, காப்பி ஆறிடும்...

ஹாய்ட்: போடு, ட்வைலா.

ட்வைலா: சரி, போட்டாச்சு. நாலடி... சாயுது.

ஹாய்ட்: தெரியுது. வலை தண்ணியிலதான் இருக்கு. வா... வா... ம்.

ட்வைலா: இது அதைவிடப் பெருசு!

ஹாய்ட்: யாரு?

ட்வைலா: யாரு என்ன யாரு?

ஹாய்ட்: உனக்குக் கத்துக் குடுத்தது யாரு? ஆர்விலா? படகுத்துறை ஆர்விலா?

ட்வைலா: ஆர்வில்னா மட்டும் உனக்கு ஏன் மூஞ்சி வெளுக்குது?

ஹாய்ட்: வெளுக்கல. வெயிலு. அந்தாளு ஒரு மாதிரி. இல்லாததும் பொல்லாததும் சொல்லுவான்.

ட்வைலா: என்ன சொல்லுவான்?

ஹாய்ட்: என்ன சொன்னான்?

ட்வைலா: நீ சொல்லு முதல்ல.

ஹாய்ட்: ...நீ யூனியன் சிட்டியில இருந்தப்ப, சனிக்கிழமை சனிக்கிழமை உன் வீட்டுக்கு மீனு கொண்டு வருவேனே.

ட்வைலா: ஆமா. சுத்தம் பண்ணி, முள்ளெடுத்து, துண்டு போட்டு. நான்கூட நெனச்சேன், இப்படி ஒரு ஆம்பளையான்னு.

ஹாய்ட்: அந்த மீனு...

ட்வைலா: ஆர்வில் பிடிச்சது.

ஹாய்ட்: சொல்லிட்டானா, படுபாவி!

ட்வைலா: அவன் ஏன் சொல்லணும்? கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். மீனு வந்த பை ஒண்ணுல அவன் பொண்டாட்டி எழுதின சீட்டு இருந்துச்சு. 'ஆர்வில், இதை அந்தப் பாவப்பட்ட ஹாய்ட்டுக்குக் குடு'ன்னு.

ஹாய்ட்: ...பாவப்பட்டன்னா எழுதியிருந்தா?

ட்வைலா: அடிக்கோடு போட்டு.

ஹாய்ட்: தெரிஞ்சுமா கட்டிக்கிட்ட?

ட்வைலா: மீனைக் கட்டிக்கலையே.

ஹாய்ட்: அப்ப கம்பு பிடிக்கக் கத்துக் குடுத்ததும் அவன்தானா?

ட்வைலா: இல்ல.

ஹாய்ட்: பின்ன?

ட்வைலா: வேணாம், ஹாய்ட். நல்லாப் போய்க்கிட்டு இருக்கு. காப்பி குடி.

ஹாய்ட்: பின்ன யாரு?

ட்வைலா: ...மேவிஸ்.

ஹாய்ட்: மேவிஸா? எப்ப?

ட்வைலா: செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை, நீ தானியக் கிடங்குக்கு வேலைக்குப் போனதும் போவோம். ஏழு வாரமாச்சு. நானேதான் போன் பண்ணினேன். ஒருத்தி பதினோரு வருசம் உக்காந்த எடத்துல உக்காந்துக்கிட்டு அவளை நெனச்சு பயந்து சாகறதுக்கு, அவளையே கேட்டுடலாம்னு தோணிச்சு.

ஹாய்ட்: அவ என்ன சொன்னா?

ட்வைலா: மொதல்ல ரொம்ப நேரம் சிரிச்சா.

ஹாய்ட்: சிரிப்பா. என்னைப் பத்தி?

ட்வைலா: பதினோரு வருசத்துல நீ ஒரு கிராப்பிகூடப் பிடிக்கலையாம்.

ஹாய்ட்: ஒண்ணு பிடிச்சேன்.

ட்வைலா: அதையும் சொன்னா. அது ஆமையாம்.

ஹாய்ட்: ...கனமா இருந்துச்சு, நான் என்ன பண்ண? நம்ம வாழ்க்கையிலயும் ஒரு பெரிய மீனுன்னு நெனச்சேன். அவ முன்னாடி ஒக்காருவா. நான் பின்னாடி, மோட்டாருகிட்ட. அவ எத்தனை அடியில போடறா, எப்பத் தூக்கறா, எனக்கு எங்க தெரியும்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ முதுகுதான். அவ போனப்புறம் ரெண்டு வருசம் நான் தனியா வந்தேன், ட்வைலா. ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவேன். கம்பைத் தொட்டாலே கை மரமாயிடும். சாயந்தரம் வரைக்கும் ஒண்ணும் இருக்காது. வெறுங்கையோட கரையேற வெக்கமா இருக்கும். ஆர்வில் ஒரு பையை நீட்டுவான்.

ட்வைலா: ம்.

ஹாய்ட்: போட்டியிலிருந்து பேரை எடுத்துடுவோம். எனக்கு முதுகுவலின்னு சொல்லிடு.

ட்வைலா: மாட்டேன்.

ஹாய்ட்: அவ எதுக்க நான் எப்படிப் போய் நிக்கறது? எல்லாத்தையும் உங்கிட்ட கொட்டிட்டா. இனிமே என்ன மிச்சம் இருக்கு?

ட்வைலா: இன்னொண்ணு மிச்சம் இருக்கு. ஓடெல் கூட ரெண்டு சீசன்ல பதிமூணு பெரிய மீனு போச்சாம் அவளுக்கு. கம்புலருந்து இல்ல, படகோரத்துல. அவன் வலையை எடுத்துக்கிட்டு, கொசு அடிக்கற மாதிரி மீனை அடிக்கப் போறானாம்.

ஹாய்ட்: பின்னாலருந்து போறான் போல. வாலுப் பக்கம் வலையைக் கொண்டு போனா மீனு எகிறத்தான் செய்யும். மடையன்.

ட்வைலா: பதினோரு வருசத்துல வலைகிட்ட வந்த மீனு ஒண்ணுகூடத் தப்பினது இல்லையாம் உங்கிட்ட. காகித உதடு, ஒரு துளி நூலுல தொங்கிக்கிட்டு வந்தாலும் நீ வாங்கிடுவியாம். 'அந்தக் கேடயத்துல அவன் பேரு சும்மா வரல, ஆனா அந்த மடப்பயலுக்கு அது தெரியாது'ன்னா.

ஹாய்ட்: மேவிஸா சொன்னா?

ட்வைலா: சனிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் உன்னைக் கடன் தர முடியுமான்னுகூடக் கேட்டா.

ஹாய்ட்: என்னையா? நான் என்ன, தோட்டத்துக் கடப்பாரையா? ...நீ என்ன சொன்ன?

ட்வைலா: வேணும்னா உனக்குப் பதிலா கேடயம் ரெண்டையும் எடுத்துக்கன்னேன்... சிரிக்கிற.

ஹாய்ட்: இல்ல, வெயிலு.

ட்வைலா: சனிக்கிழமை ரெண்டு கம்பும் எனக்கு. நீ கம்பைத் தொட்டா தண்ணியில தள்ளிடுவேன். மோட்டாரும் வலையும் உனக்கு.

ஹாய்ட்: பலகையை மாத்திப் போடணும். நீ அங்க உக்காந்தா எனக்கு இடது கைப்பக்கம் தள்ளிப் போயிடும் மீனு. இன்னும் ஒரு சாண் இங்க... ஆமா. மீனைத் தூக்காத, தண்ணியோட மட்டத்துலயே கொண்டு வா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.

ட்வைலா: உத்தரவு.

ஹாய்ட்: ஓடெல் மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு.

ட்வைலா: பாப்ப. இரையை எடு.

ஹாய்ட்: ...ட்வைலா.

ட்வைலா: ம்?

ஹாய்ட்: ஏழு வாரமா உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. என் வண்டவாளமும் தெரிஞ்சிருக்கு. பின்ன எதுக்கு மூணு சனிக்கிழமையா இங்க வந்து, வேணும்னே உதட்டைக் கிழிச்சுக்கிட்டு, நான் ஒளறினதெல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த?

ட்வைலா: நேத்து முழு நாளும் வீட்டுல நீ பேசினது மூணு வார்த்தை, ஹாய்ட். 'உப்பு.' 'கதவை மூடு.' கல்யாணமாகி எட்டு மாசமா அப்படித்தான். இந்தப் படகுல ஏறி எனக்குச் சொல்லித்தர ஆரம்பிச்சாத்தான் உனக்கு வாயே தொறக்குது. எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லியிருந்தா அதையும் மூடிக்கிட்டிருப்ப.