சுக்கான் என் கையில்தான் இருந்தது

பெயர் ஜெய்னுலாப்தீன், தகப்பனார் கௌஸ் முகைதீன், வயது 33, சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரை. பர் துபாய் மீனா பஜாரில் துணிக்கடை சேல்ஸ்மேன். கடை மாடியிலேயே ரூம். 11.03.2006 காலை, க்ரீக் போலீஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் ரவிசங்கர் முன்னிலையில் சொல்வது. என்னை யாரும் மிரட்டவில்லை. டீ கொடுத்தார்கள், சீனி போதவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு, ரூம்மேட் சதக்கத்துல்லாவும், எட்டு மாதத்துக்குப் பிறகு அல் ஐனிலிருந்து வந்திருந்த கலீலுர் ரஹ்மானும் நானும் பிரியாணி பார்சலோடு க்ரீக்கில் ஆள் ஏற்றும் ஒரு அப்ரா படகை ஒரு மணி நேரத்துக்கு வாடகை பேசி ஏறினோம். படகுக்காரர் பெயர் ருஹுல் அமீன், வங்காளதேசம். நல்ல வெயில், நல்ல காற்று. கலீல் லுங்கியைக் கட்டிக்கொண்டு கால் நீட்டிப் படுத்துவிட்டான். "மாப்ள, கப்பலுக்கு மொதலாளி மாதிரில படுத்திருக்கான்" என்று சதக்கத்துல்லா சொல்ல, படகுக்காரரும் சேர்ந்து சிரித்தார். மூன்று வருடம் கழித்து, வருகிற செவ்வாய்க்கிழமை ஊருக்கு லீவில் போவதாக அவர் சொன்னார்.

அதன் பிறகு மணி மூன்றரைக்கு நான் மொபைலில் வீட்டுக்குப் பேசினேன். மனைவி ஹாலிதா மகளிடம் போனைக் கொடுத்தார். மகள் ருமைஸாவுக்கு மூன்றரை வயது. நான் புறப்பட்டபோது அவள் வயிற்றில் இருந்தாள், நேரில் பார்த்ததில்லை. வழக்கமாக ஸலாம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். நேற்று இன்ஜின் சத்தம் கேட்டு நின்றுவிட்டாள்.

"என்ன சத்தம் வாப்பா?"

"போட்டும்மா. வாப்பா போட்டுல இருக்கேன்."

"நம்ம ஊட்டுக்கா வாரீங்க?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஆமா என்றேன். அதன் பிறகு போன் கீழே விழுந்த சத்தம். ஹாலிதா எடுத்து, "அவகிட்ட என்ன மச்சான் சொன்னீங்க, செருப்புகூட போடாம கடக்கரைக்கு ஓடுறா" என்றார். லைன் கட்டாகிவிட்டது.

அதன் பிறகு படகுக்காரரிடம் க்ரீக் கடலில் சேரும் வாய்க்குப் போகச் சொன்னேன். அங்கே போக அனுமதி இல்லை என்று சொல்லி அவர் படகைத் திருப்பினார். பிறகு இன்ஜினைப் பார்க்க அவர் குனிந்த நேரத்தில் நான் சுக்கானைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பினேன். அவர் கெஞ்சினார், என் கையைப் பிடித்து இழுத்தார், நான் விடவில்லை. கூட்டாளிகள் சத்தம் போட்டதும் காதில் விழுந்தது. அப்ராவில் கீழக்கரை போய்ச் சேர முடியாது என்று எனக்குத் தெரியும், நான் பைத்தியம் இல்லை. ஊருக்குப் போக ஆசையாக இருந்தது. படகு ஊரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் போனால் போதும் என்று இருந்தது. அந்தப் பக்கம் ஈரான்தான் இருக்கிறது என்று விசாரிக்கும் போலீஸ் சார் இப்போது சொன்னார். நேற்று அது தெரியாது.

பத்து நிமிடத்தில் போலீஸ் படகு வந்து நிறுத்தியது. ஸ்டேஷனுக்கு வரும் வழியில் சதக்கத்துல்லா, "நீ வாயத் தொறக்காத மாப்ள, போட்டுக்காரந்தான் ஓட்டுனான்னு சொல்லிருவோம்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. என் மீது உள்ள பிரியத்தில் சொன்னான்.

அதன் பிறகு சார் அரபியில் ஏதோ கேட்டார். எனக்குக் கடைக்கு வேண்டிய அரபிதான் தெரியும். ஆனால் அதில் சுக்கான் என்ற சொல் வந்தது. எங்கள் ஊரிலும் அதற்குச் சுக்கான்தான். சுக்கான் யார் கையில் இருந்தது என்று ரவிசங்கர் தமிழில் கேட்பதற்குள் என் கை தானாக மேலே போய்விட்டது. சதக்கத்துல்லா தலையில் அடித்துக்கொண்டான்.

ருஹுல் அமீன் மீது எந்தத் தப்பும் இல்லை. அவரை விட்டுவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை அவர் போக வேண்டும்.

இதில் கையெழுத்துப் போட்டால் விசா கேன்சலாகி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்ப வர முடியாது என்று ரவிசங்கர் விளக்கினார். புரிந்தது. இன்று காலை வீட்டுக்குப் பேச அனுமதித்தார்கள். ருமைஸா நேற்று மஃரிப் தொழுகை நேரம் வரை கடற்கரையை விட்டு வரவில்லை, இன்று செருப்புப் போட்டுக்கொண்டு மறுபடியும் போய்விட்டாள் என்று ஹாலிதா சொன்னார். என்னை அனுப்பினால் விமானத்தில்தான் அனுப்புவார்களாம். அதை மகளிடம் யாரும் சொல்ல வேண்டாம். ஊர் போய் இறங்கியதும் நான் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கமாகத்தான் வீட்டுக்குப் போவேன்.

எழுதியதை ரவிசங்கர் தமிழில் வாசித்தார். நான் மகளிடம் சொன்ன ஒரு பொய் இதில் இருக்கிறது. மற்றபடி நான் சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கௌ. ஜெய்னுலாப்தீன்