ஒன்பது நாள்

தேநீருக்குச் சீனி கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள், ஐயா. அவசரமில்லை. நான் ஓடுகிற ஆளில்லை.

மசூர் என் சிநேகிதன். நிந்தவூரில் அவனுடைய அரிசி மில்லில் எஞ்சின் ஓட்டுவது என் வேலை. அவன் பெண்டாட்டி றாஹிலாவை நான் விரும்பினேன். அவளும் விரும்பினாள். என்னைக் 'காக்கா' என்று கூப்பிட்டதெல்லாம் ஊருக்காகத்தான். கூடப்பிறந்த அண்ணனை அவ்வளவு மெதுவாகவா கூப்பிடுவார்கள்?

எண்பத்தோராம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில், வயல் பார்க்க இருவரும் தோணியில் போனோம். மசூருக்கு நீந்தத் தெரியாது. தோணியை ஆட்டினேன், விழுந்தான். கோலை நீட்டினேன், பிடித்தான். பிடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் இழுக்கவில்லை, அழுத்தினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கவலையாகத்தான் இருக்கிறது.

எஞ்சின் சாமான் வாங்க அவனைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டதாக வீட்டில் சொன்னேன். ஒன்பதாம் நாள் சொறிக்கல்முனைச் செபரட்ணம் என்பவர் வெள்ளத்தில் ஒதுங்கிய மையித்தைக் கண்டெடுத்தார். கொழும்பிலிருந்து திரும்பும்போது வெள்ளத்தில் அகப்பட்டான் என்று ஊர் நம்பியது. என்றைக்கு மவுத்தானான், எந்த நாளில் உயிர் போனது என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. அதனால் மையித்துக் கிடைத்த நாளிலிருந்தே இத்தாவை எண்ணச் சொன்னார் பள்ளிவாசல் லெப்பை.

புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்கவேண்டும், அதுதான் இத்தா. நான் வாசலோடு நின்று சாமான் கொடுத்துவிட்டுப் போவேன். வேறு யார் வந்துபோகிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டேன். மீன்காரனைக்கூட நான் நம்பவில்லை.

நாள் முடிந்த அன்று திரைக்கு வெளியே நின்று சொன்னேன்.

"றாஹிலா, இண்டையோட இத்தா முடிஞ்சிது. நிக்காஹ் கதைக்க நாளைக்கு லெப்பையக் கூட்டி வாறன்."



"இன்னும் ஒம்பது நாள் கிடக்கு, காக்கா. நீங்க எந்த நாளிலருந்து எண்ணினீங்க?"

நான் விரல் மடித்துத் திரும்ப எண்ணினேன்.

"இரிங்க, தேத்தண்ணி போடுறன்" என்றாள்.

தேத்தண்ணி வரவில்லை. பொலிஸ் ஜீப்பில் நீங்கள்தான் வந்தீர்கள்.

மசூரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. பிழை அவளுடைய எண்ணிக்கையில்தான். இத்தாவை மவுத்தான நாளிலிருந்து எண்ணவேண்டும் என்பதே மார்க்கம். அவளுக்கு யாராவது விளங்கப்படுத்தினால் எனக்காகக் காத்திருப்பாள். நான் ஒரு நாள்கூட முந்திக் கேட்கவில்லை.