ஆறரை மணி இரைச்சல்

– ஜாய்சா, மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிட்டு என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? கிரைண்டர்ல மாவு பாதியில நிக்குது.

– ஒரே நிமிஷம் சந்திரிகாக்கா. உங்க வூட்ல கரென்ட் போனதும் என் ரேடியோல கொர்ர்ர் நின்னுடுச்சு பாருங்க. அப்போ திருடன் இங்கதான் கீறான்!

– காலங்காத்தால வந்து திருடங்கற?

– சத்தத்தை சொன்னேங்க்கா. மூணு வாரமா இந்த பேட்டரி செட்டைத் தூக்கிக்கினு முடிச்சூர் பூரா சுத்தினேன். ட்ரான்ஸ்ஃபார்மர், எதிர்வூட்டு இன்வெர்ட்டர், எல்லாம் பாத்தாச்சு. கடைசியில நம்ம கீழ்வூடு! மெயினைப் போட்டுட்டேன், ஒண்ணு ஒண்ணா ஆன் பண்ணுங்க.

– ஃப்ரிட்ஜ்.

– சைலன்ட்.

– வைஃபை.

– லேசா முனகுது, பரவால்ல. அடுத்து?

– மீன் தொட்டி லைட்டு.

– கொர்ர்ர்! அந்த அடாப்டர்தான்! எப்ப வாங்குனீங்க?

– பம்மல்ல, பிளாட்பாரத்துல. என் பொண்ணு சின்மயி பர்த்டேக்கு. மூணு வாரம் இருக்கும்.

– கரெக்ட்டா மூணு வாரம்! நான் சொல்லல? தசரதன் சார் கூப்பிட்டுக்கினுதான் கீறாரு, இந்தக் கருமம்தான் மறைச்சிடுச்சு.

– எந்த தசரதன்? வெள்ளத்தப்போ நம்ம மொட்டை மாடியில பேட்டரியோட உக்காந்து ரேடியோல எல்லாருக்கும் சேதி அனுப்பினாரே, அவரா?

– அவரேதான். இப்ப தென்காசியில, பொண்ணு வூட்ல. தொண்டையில ஆபரேஷன், பேச்சே போச்சு. விரல் கீதே! தினம் காலைல ஆறரைக்கு ரேடியோல எனக்கு மோர்ஸ்ல தட்டுவாரு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தட்டுக் கணக்கு. ரெண்டு வருஷமா ஒரு நாள் லீவு கிடையாது, இந்த மூணு வாரமாத்தான் கேக்கல. முதல் கேள்வியே, முடிச்சூர்ல மழையான்னுதான்.

– அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா ஆச்சு.

– மாடி ஏரியல் ஒயரை உங்க ஜன்னல் வழியா இழுத்துட்டேங்க்கா, இனிமே நல்லா எடுக்கும்...

– கேட்டதுக்குப் பதில் சொல்லுடா.

– அவரு பொண்ணு நித்யஸ்ரீயே கூப்பிட்டாங்க, இந்த மூணு வாரத்துல. ரெண்டு தடவை. நான் எடுக்கல.

– ஏன்டா?

– மணி ஆறு இருபத்தொம்பது. அடாப்டரைப் புடுங்குங்கக்கா. பேசாதீங்க, ப்ளீஸ்.

– புடுங்கிட்டேன்.

– ஆண்டவரே! எவ்ளோ க்ளீனா கீது! இலங்கைக்காரன் ஒருத்தன் தட்டுறது கூட கேக்குது. இனிமே சார் எவ்ளோ மெதுவா தட்டுனாலும் தப்பாது.

– ஆறரை ஆச்சு ஜாய்சா.

– அவரு வாட்சு கொஞ்சம் ஸ்லோ.

– மணி ஆறே முக்காலுடா.

– கைநடுக்கம் வேற அவருக்கு. ஸ்டார்ட் பண்ண லேட் ஆகும்.

– ஏழு.

– வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாக்குறேன்.

– ஜாய்சா. போனை எடு. நித்யஸ்ரீகிட்ட பேசு. நான் பக்கத்துலயே இருக்கேன்.

– அக்கா.

– சொல்லுப்பா.

– அந்த அடாப்டரைத் திரும்ப மாட்டிடுங்க.